இடது சுண்டுவிரல்

வாட்ஸ்தேனா ஆவணக் காப்பகத்தில்
"ஆண்டர்சன்" என்று கூப்பிட்டாள் மேசைப் பெண்.
நாலு பேர் எழுந்தோம்.
ஒரே நாற்காலிக்கு ஓடிவந்தவர்கள்போல
அசட்டுச் சிரிப்பு.
அவளுக்கு இது பழக்கம்.
"பெட்டி எண்ணைச் சொல்லுங்கள்" என்றாள்.

என் அப்பாவின் தாத்தாவுக்கு அப்பன்
யோஹன்னஸ், ஆண்டர்ஸின் மகன்.
அவ்வளவுதான் பெயர்.
எல்மேரீட் பங்கில் அந்தக் காலத்தில்
மழைக்கு முளைத்த காளான்களாய் ஆண்டர்ஸ்கள்;
முதல் பிள்ளைக்கோ மூன்றாம் பிள்ளைக்கோ
ஒவ்வொருவனும் வைத்தான், யோஹன்னஸ்.
பதினேழு பேர்வரை எண்ணினேன்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று:
இடது கையில் சுண்டுவிரல் கிடையாது.
அப்பா சொன்னது.
வைக்கோல் வெட்டும் கத்தி என்றார் ஒருமுறை.
ஓநாய் என்றார், குடித்திருந்தபோது.

வருஷா வருஷம் வீடு வீடாய் வந்த பாதிரியார்
வாசிக்கத் தெரியுமா, வேதம் மனப்பாடமா,
அம்மை போட்டதா என்றெல்லாம் குறித்தார்.
விரல்களை எண்ணவில்லை.

மூன்று குளிர்காலம்.
ஒருவனைக் கழிக்க ஒரு மாதம்கூட ஆனது.
இவன் நாலு வயதில் கிணற்றில் விழுந்தான்.
இவனுக்குக் கண்ணில் பூ விழுந்து
மணமாகாமலே போனான்.
இவனுக்கு மூன்று பெண்கள், மூவரும் கிரிஸ்டீனா;
ஒருத்தி சாகச் சாக
அடுத்தவளுக்கு அதே பெயர்.
ஒன்பதாமவன் வரியில் பாதிரியார் எழுதியிருந்தார்:
"நன்றாக வாசிக்கிறான். ஒன்றும் புரிந்துகொள்வதில்லை."
வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்,
சத்தம் போடாதே என்ற பலகைக்கு நேர் கீழே.

பதினோராமவன்மேல் மட்டும் ஒரு கோடு.
ஓரத்தில் எறும்புபோல் ஒரு சொல்: சிப்பாய்.

படையில் ஆண்டர்சன்கள் செல்லாது.
ஒருவனைக் கூப்பிட்டால் பாதிப் பட்டாளம் திரும்பும்.
அதனால் குட்டையாய் ஒரு பெயர் கொடுத்தார்கள்:
வாள், புயல், துணிந்தவன்.
இவனுக்குக் கிடைத்தது டீஸ்ட்.
பேசாதவன்.
காப்பகத்துப் பலகையில் இருப்பதும் அதே சொல்தான்.
மூன்று குளிர்காலம் அதன் அடியில்தான்
உட்கார்ந்திருந்தேன்.

எண் 84, டீஸ்ட். 1838.
உயரம் ஐந்தடி ஏழங்குலம்.
இடது சுண்டுவிரல் இல்லை. ஆயினும் ஏற்கப்பட்டான்.

ஆயினும்.
அந்த ஒரு சொல்லுக்காக
எழுத்தரின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

ஆனால் பெயர் அவனுடையதல்ல.
குடிசையோடு வந்தது,
அடுப்போடும் ஒழுகும் கூரையோடும்.
முந்தைய டீஸ்ட் காய்ச்சலில் செத்தான்;
அவன் சட்டையைப் பிடித்துத் தைத்து
இவனுக்குப் போட்டார்கள், பெயரையும் சேர்த்து.
பதிமூன்று வருஷம் உடுத்தினான்.
1851இல் குடிசையைக் காலி செய்தபோது
பெயரை ஆணியில் மாட்டிவிட்டு
வெறும் ஆண்டர்சனாக வெளியே நடந்தான்.
கூட்டத்தில் கலந்துவிட்டான்.

"ஆள் கிடைத்தாரா?" என்றார் ஸ்டூரே,
உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே.
"பதிமூன்று வருஷம் கிடைத்தார்."
"கத்தியா, ஓநாயா?"
"எழுதவில்லை."
"ஓநாய்தான்" என்றார் ஸ்டூரே.

அதற்கப்புறம் காப்பகத்தில் எனக்கு வேலையில்லை.
வியாழக்கிழமை போனேன்.
ஒன்பதாமவன் பெட்டியைக் கேட்டேன்.

அவன் எனக்கு யாருமில்லை.
பிள்ளை குட்டி கிடையாது,
தேடிவர ஒரு ஆண்டர்சனும் கிடையாது.
1868, விளைச்சல் பொய்த்த வருஷம்,
டென்மார்க்குக்குப் போகச் சீட்டு வாங்கியிருக்கிறான்,
ஐம்பத்தாறு வயதில்.
போய்ச் சேர்ந்தானா என்ற கட்டம் காலி.
சீட்டு எழுதியவர் வேறு பாதிரியார், இளம் கையெழுத்து:
"நன்றாக வாசிக்கிறான்."
அதோடு முற்றுப்புள்ளி.

அந்த வரியை நோட்டில் எழுதிக்கொண்டு
நாலரை மணிப் பேருந்துக்கு ஓடினேன்.